யாருடைய முகவரி அந்த அட்டவணையில் இருக்கிறது?

மென்பொருள் பாதுகாப்பில் ஆய்வு செய்கிறேன் என்று தெரிந்ததும் பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகளும், இயக்கங்களில் கணினி வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் தோழர்களும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். "கோட் எழுத எந்த ஏஐ நல்லது? கோபைலட்டா, கர்சரா, கிளாட் கோடா? சாட்ஜிபிடியே போதுமா? காசு கட்டி வாங்கலாமா?"

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு நான் சொல்லும் பதில் மூன்று மாதத்தில் பழசாகிவிடும். இன்று முன்னால் நிற்கும் மாடலை அடுத்து வருவது முந்திவிடும். அதனால் நான் இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேட்கிறேன். நீங்கள் கட்டப்போகும் மென்பொருளில் யாருடைய விவரங்கள் இருக்கும்? அவை வெளியே போனால் அடி யார்மேல் விழும்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் கருவியைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் பாதி முடிந்துவிடும் என்பது என் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பேசுவோம். வன்கொடுமை வழக்குகளில் சட்ட உதவி செய்யும் ஒரு சிறு குழு, தன்னிடம் வரும் புகார்களை நோட்டுப் புத்தகத்திலிருந்து இணையத்துக்கு மாற்ற நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அட்டவணையில் பாதிக்கப்பட்டவரின் பெயர், ஊர், தெரு, கைப்பேசி எண், முதல் தகவல் அறிக்கை எண், சாட்சிகளின் பெயர்கள், காயங்களின் படங்கள் எல்லாம் இருக்கும். குழுவில் கல்லூரி முடித்த ஒருவர் இருக்கிறார். ஏஐ கருவியிடம் தேவையை விவரித்தால் ஒரே மாலையில் இதைக் கட்டிவிட முடியும். உள்நுழையும் பக்கம், புகாரைப் பதியும் படிவம், பட்டியல் எல்லாம் வந்துவிடும். திரையில் பார்க்க அழகாகவும் இருக்கும்.

இப்போது ஒருவர் தன் புகாரைத் திறந்து பார்க்கிறார். உலாவியின் முகவரிப் பட்டையில் கடைசியாக 41 என்று ஓர் எண் தெரிகிறது. அதை 42 என்று மாற்றி என்டர் தட்டுகிறார். அடுத்தவரின் புகார் திறக்கிறது. உள்ளே நுழைந்தவர் யார் என்பதை மென்பொருள் சோதித்தது. இந்தப் புகாரைப் பார்க்கும் உரிமை அவருக்கு உண்டா என்று சோதிக்கவில்லை. அப்படிச் சோதிக்கும்படி யாரும் அதனிடம் சொல்லவும் இல்லை.

நான் கற்பனையாக ஊதிப் பெருக்கும் ஆபத்து இல்லை இது. இணையப் பாதுகாப்பில் பரவலாகப் பின்பற்றப்படும் ஒவாஸ்ப் அமைப்பின் முதல் பத்து ஆபத்துகள் பட்டியலில், 2021ஆம் ஆண்டுப் பதிப்பு முதலிடத்தில் வைத்தது இந்த அனுமதிக் கோளாறைத்தான். இதைப் பயன்படுத்திக்கொள்ள ஹேக்கர் தேவையில்லை. எதிர்த்தரப்பைச் சேர்ந்த, எண்ணை மாற்றத் தெரிந்த ஒருவர் போதும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் சேர்க்கப்பட்ட 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பை உரிமையாக்கியது. மக்கள் பார்க்கக்கூடிய வழக்கு ஆவணங்களில் சாட்சியின் பெயரையும் முகவரியையும் மறைக்க உத்தரவிடவும் அதில் இடமுண்டு. நீண்ட போராட்டத்தில் கிடைத்த அந்தப் பாதுகாப்பை, நம்முடைய ஆதரவுக் குழு நல்லெண்ணத்தோடு ஒரே மாலையில் கட்டிய மென்பொருள் உடைத்துவிடக்கூடும். கோட் எழுதியவருக்கு வருவது சங்கடம். சாட்சிக்கோ, தெரு விளக்கு எரியாத ஊரில் வீட்டுக் கதவு தட்டப்படும்.

கருவிகள் எங்கே தவறுகின்றன?

கோபைலட் 2021இல் முன்னோட்டமாக வெளிவந்த சில மாதங்களிலேயே நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைச் சோதித்தார்கள். 89 வெவ்வேறு சூழல்களைக் கொடுத்து 1,689 நிரல்களை எழுத வைத்தார்கள். ஏறக்குறைய 40 சதவீதத்தில் பாதுகாப்புக் குறை இருந்தது. 2022இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 47 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஏஐ உதவியோடு எழுதியவர்களின் கோட், உதவியில்லாமல் எழுதியவர்களுடையதை விடப் பாதுகாப்புக் குறைந்ததாக இருந்தது. அதைவிடக் கவலைக்குரியது, ஏஐயைப் பயன்படுத்தியவர்கள்தான் தங்கள் கோட் பாதுகாப்பானது என்று அதிகம் நம்பினார்கள்.

இந்த ஆய்வுகளுக்குப் பின் மாடல்கள் நிறைய மாறிவிட்டன என்பது உண்மை. 1998இலேயே எழுத்தில் விளக்கப்பட்ட எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் போன்ற பழைய தவறுகளை இன்றைய கருவிகள் பெரும்பாலும் தவிர்த்துவிடுகின்றன. ஆனால் வேறு வகைக் குறை ஒன்று அப்படியே நிற்கிறது. யார் எதைப் பார்க்கலாம் என்பது கோடில் எழுதியிருக்காது. அது நம் வாழ்க்கையில் இருக்கிறது. ஊராட்சித் தலைவர் இந்தப் பட்டியலைப் பார்க்கக் கூடாது என்றோ, ஒரே ஊரைச் சேர்ந்த இரண்டு தன்னார்வலர்களில் ஒருவருக்கு இதைக் காட்டுவது ஆபத்து என்றோ மாடலுக்கு எப்படித் தெரியும்? பெருவாரியான பொதுக் கோடைப் படித்து வளர்ந்த கருவி, ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் வரைபடத்தைப் படித்ததில்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

அப்படியென்றால் தொடவே வேண்டாமா?

"இவ்வளவு ஆபத்து என்றால் ஏஐயே வேண்டாம்" என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை.

கோட் எழுதும் அறிவு இதுவரை எப்படிக் கைமாறியது என்று பாருங்கள். பெங்களூரு கம்பெனியில் அண்ணன் வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் போன் போட்டுக் கேட்கலாம். நல்ல ஆய்வகம் உள்ள கல்லூரியில் படிப்பவருக்குச் சீனியர்கள் உண்டு. குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்து, ஆங்கில ஆவணத்தின் முதல் பத்தியிலேயே தடுக்கி நிற்கும் மாணவிக்கு யார் இருந்தார்கள்? "இதுகூடத் தெரியாதா?" என்ற சிரிப்புக்குப் பயந்து கேட்காமலே விட்ட கேள்விகள் எத்தனை? இந்தக் கருவிகள் இரவு இரண்டு மணிக்கும், தமிழில் கேட்டாலும், பத்தாவது முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் விளக்குகின்றன. அந்தக் கதவை மூடச் சொல்லும் வசதி ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்குத்தான் உண்டு.

ஆனால் கேட்டுக் கற்பது வேறு, ஒப்படைத்துவிட்டு நகர்வது வேறு. அதே ஸ்டான்ஃபோர்டு ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. ஏஐயைக் குறைவாக நம்பியவர்கள், கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டுத் துருவியவர்கள் எழுதிய கோடில் குறைகள் குறைவு. கேள்வி கேட்கும் பழக்கம் நமக்குப் புதிதில்லை. வேதத்தையே கேள்வி கேட்ட மரபில் வந்தவர்கள், திரையில் வரும் கோடை அப்படியே விழுங்க வேண்டியதில்லை.

தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியவை

முதலில், நீங்கள் கொடுப்பது எங்கே போகிறது? 2023இல் சாம்சங் ஊழியர்கள் நிறுவனத்தின் மூலக் கோடைச் சாட்ஜிபிடியில் ஒட்டியது தெரியவந்து, அந்த நிறுவனம் இத்தகைய கருவிகளுக்கே தடை போட்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை. நாம் இலவசக் கணக்கில் என்ன ஒட்டுகிறோம் என்று யோசிக்க வேண்டும். தனிநபர் கணக்குகளில் உரையாடலைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் அமைப்பு பல கருவிகளில் உண்டு. அதை அணைக்கும் பொத்தான் அமைப்புகள் பக்கத்துக்குள் எங்கோ இருக்கும். நிறுவனங்களுக்கான திட்டங்களில் பொதுவாக ஒப்பந்தம் வழியாகவே அது விலக்கப்படுகிறது. கருவியை நிறுவும் முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். ஆனால் எந்தத் திட்டமாக இருந்தாலும் ஒரு விதி மாறக் கூடாது. உண்மையான பெயரோ, எண்ணோ, கடவுச்சொல்லோ ஏஐயிடம் போகக் கூடாது. சோதித்துப் பார்க்கப் பொய்யான பெயர்களில் இருபது வரிகளை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

சொந்தக் கணினியிலேயே ஓடும் மாடல்களும் இருக்கின்றன. ஓலாமா போன்ற மென்பொருளை நிறுவி, க்வென் கோடர் போன்ற திறந்த மாடலின் சிறிய பதிப்பை 16 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினியில் ஓட்டலாம். ஒரு வரிகூட வெளியே போகாது. ஆனால் வேகமும் திறனும் குறைவு. இன்னொரு விலையும் உண்டு. ஏஐ பரிந்துரைக்கும் நூலகத் தொகுப்புகள் உண்மையில் இருக்கின்றனவா என்று அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 16 மாடல்களிடமிருந்து 5,76,000 கோட் மாதிரிகளை வாங்கிச் சோதித்து, 2025இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பரிந்துரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இல்லாத தொகுப்புகள். வணிக மாடல்களில் இது 5 சதவீத அளவிலும், திறந்த மாடல்களில் 20 சதவீதத்துக்கு மேலும் இருந்தது. இல்லாத பெயர்தானே, நிறுவும்போது பிழை காட்டிவிடும் என்று நினைக்கலாம். அந்தப் பெயரில் ஒருவர் நச்சுத் தொகுப்பைப் பதிவேற்றி வைத்துக் காத்திருந்தால், நாமே அதை நம் கணினிக்குள் அழைத்து வந்துவிடுவோம். எந்தத் தொகுப்பையும் நிறுவும் முன் அதன் பக்கத்தைத் திறந்து, எப்போது உருவானது, யார் பராமரிக்கிறார்கள், எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

இரண்டாவதாக, கருவிக்கு எவ்வளவு கை கொடுக்கிறீர்கள்? உரையாடல் பெட்டியில் பதில் சொல்லும் ஏஐக்கு வாய் மட்டும்தான் உண்டு. ஏஜென்ட் எனப்படும் கருவிகளுக்குக் கையும் உண்டு. அவை கோப்பைத் திறக்கும், கட்டளையை ஓட்டும், தரவுத்தளத்தை மாற்றும். 2025 ஜூலையில் ரெப்லிட் நிறுவனத்தின் ஏஜென்ட், எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும், ஒரு பயனரின் இயங்கிக்கொண்டிருந்த தரவுத்தளத்தை அழித்தது. மீட்க முடியாது என்று தவறான தகவலையும் சொன்னது. பிறகு அந்தத் தரவு மீட்கப்பட்டது. அதே மாதம் அமேசான் க்யூ என்ற கோட் உதவிக் கருவியின் நீட்சிக்குள், கணினியில் உள்ளவற்றை அழிக்கச் சொல்லும் கட்டளையை வெளியாள் ஒருவர் நுழைத்துவிட, அது அதிகாரப்பூர்வப் பதிப்பிலேயே வெளியானது. வாடிக்கையாளர் யாருக்கும் பாதிப்பில்லை என்றது அமேசான். அடுத்த முறையும் அப்படியே தப்புவோம் என்று எண்ணியிருக்க முடியாது.

ஆகவே ஏஜென்ட் வைத்திருந்தால், உண்மையான தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை அது எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் கிட்டில் பதிவு செய்யுங்கள். கட்டளைகளைக் கேட்காமலே ஓட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். காப்புப் பிரதி வேறு இடத்தில் இருக்கட்டும்.

மூன்றாவது, எனக்கு முக்கியமானது. எழுதியது ஒன்று, சரிபார்ப்பது இன்னொன்று என்று இருக்க வேண்டும். "நீ எழுதிய கோட் பாதுகாப்பானதா?" என்று அதே உரையாடலில் அதே ஏஐயிடம் கேட்டு, "ஆம்" என்று வந்ததும் திருப்தியடைபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். தேர்வு எழுதியவரே விடைத்தாளைத் திருத்துவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? செம்கிரெப், பைதானுக்கான பாண்டிட், கோடில் மறந்து விட்ட கடவுச்சொற்களைத் தேடும் கிட்லீக்ஸ், ஓடிக்கொண்டிருக்கும் தளத்தைத் தட்டிப் பார்க்கும் ஜாப் ஆகியவற்றைக் காசில்லாமல் பயன்படுத்தலாம். எது கோடை எழுதினாலும் இவை சோதிக்கும். மாதம் 10, 20 டாலர் கட்டிக் கருவி வாங்கும் முன் இந்த இலவசக் கருவிகளை நிறுவிப் பழகுங்கள்.

ஆனால் இவையும் 41க்கும் 42க்கும் நடுவே இருக்க வேண்டிய தடுப்பைப் பெரும்பாலும் கண்டுபிடிக்காது. அதற்கு மனிதர் தேவை. இரண்டு கணக்குகளை உருவாக்கி, ஒன்றில் நுழைந்துகொண்டு மற்றொன்றின் புகாரைத் திறக்க முயலுங்கள். தன்னார்வலர் கணக்கில் நுழைந்து நிர்வாகி பக்கத்தின் முகவரியை நேரடியாகத் தட்டுங்கள். வெளியேறிய பின் பழைய இணைப்பைத் திறந்து பாருங்கள். கணினி அறிவியல் படிக்காதவரும் இதைச் செய்யலாம். சொல்லப்போனால் வழக்குகளோடு ஊருக்குப் போய்வரும் தோழரே இதை நன்றாகச் செய்வார். யாரிடமிருந்து எதை மறைக்க வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும்.

பிழை தேடவும் ஏஐ உதவும் என்பதை மறுக்கவில்லை. உலகெங்கும் கோடிக்கணக்கான கருவிகளில் இருக்கும் கர்ல் என்ற திறந்தமூல மென்பொருளைப் பராமரிக்கும் டேனியல் ஸ்டென்பெர்க், ஏஐ எழுதித் தரும் போலிப் பாதுகாப்புப் புகார்கள் தங்கள் நேரத்தைத் தின்றுவிடுவதாக வெளிப்படையாகவே கோபப்பட்டவர். அதே கர்லில், 2025இல் ஓர் ஆய்வாளர் ஏஐ கருவிகளைக் கொண்டு தொகுத்துக் கொடுத்த பட்டியலிலிருந்து டஜன் கணக்கில் உண்மையான பிழைகள் திருத்தப்பட்டன, ஸ்டென்பெர்க்கும் பாராட்டினார். இரு தரப்பிலும் ஏஐ இருந்தது. கருவி துப்பியதை அப்படியே அனுப்பியவர்களால் தொல்லை வந்தது. விஷயம் தெரிந்தவர் கையில் அதே வகைக் கருவி பயன் தந்தது.

சரிபார்ப்பவரின் இடம்

மென்பொருள் துறையில் கோட் எழுதுபவர் மேலே, சோதிப்பவர் கீழே என்று ஒரு படிநிலை இருக்கிறது. சம்பளத்திலும் மரியாதையிலும் அது தெரியும். இயக்கங்களின் வேலையிலும் அதே மனப்பான்மை வந்துவிடுகிறது. தளத்தைக் கட்டிய தோழரின் பெயர் மேடையில் சொல்லப்படும். மூன்று நாள் உட்கார்ந்து அதை உடைத்துப் பார்த்த தோழியின் பெயர் யாருக்கும் தெரியாது. எழுதும் வேலையைக் கருவி எளிதாக்கிவிட்ட காலத்தில், உண்மையான உழைப்பு சரிபார்ப்பதில்தான் இருக்கிறது. படிநிலைகளை எதிர்க்கும் நாம் நம் மென்பொருள் குழுவுக்குள் இருக்கும் இந்தப் படிநிலையையும் கவனிக்க வேண்டும்.

வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. மெட்ர் என்ற ஆய்வு நிறுவனம் 2025இல் அனுபவமுள்ள 16 திறந்தமூல மென்பொருளாளர்களை வைத்துச் சோதித்தபோது, ஏஐயோடு வேலை செய்கையில் அவர்களுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ 20 சதவீதம் வேகமாக முடித்ததாக நினைத்தார்கள். சிறிய ஆய்வு, எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் "வேகமாகப் போகிறது" என்ற உணர்வை மட்டும் நம்பிக் கருவிக்குக் காசு கட்ட வேண்டாம் என்று சொல்ல இது போதும்.

என் பரிந்துரை

கற்றுக்கொள்வதற்கு என்றால் இலவசமாகக் கிடைக்கும் எதையும் எடுங்கள். ஆனால் கோடை முழுதாக வாங்காமல் விளக்கத்தை வாங்குங்கள். கோடை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். நூலகப் பட்டியல், கூட்ட அறிவிப்பு போல எல்லோரும் பார்க்கலாம் என்ற தகவலுக்கான தளம் என்றால் ஏஜென்ட்டையும் தாராளமாகப் பயன்படுத்தலாம். மாலைநேரப் பயிற்சி மையத்து மாணவர்களின் பெயர், சாதிச் சான்றிதழ், தொலைபேசி எண் போன்றவை வந்துவிட்டால், போலித் தரவு, தனிச் சரிபார்ப்புக் கருவி, இரண்டு கணக்குச் சோதனை என்ற மூன்றும் இல்லாமல் தளத்தைத் திறக்காதீர்கள்.

வன்கொடுமைப் புகார், சாட்சி விவரம் என்றால் என் கருத்து கறாரானது. கோடின் ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று விளக்கக்கூடிய ஒருவர் குழுவில் இல்லையென்றால், எந்த ஏஐ கொண்டும் அதைக் கட்டாதீர்கள். சாட்சியின் பெயர் இணையத்தில் ஏறித்தான் ஆக வேண்டுமா என்றும் கேளுங்கள். வழக்கு எண் மட்டும் தளத்தில் இருக்கட்டும். பெயர்கள் பூட்டிய அலமாரியில், பழைய நோட்டிலேயே இருக்கட்டும். சேகரிக்காத தகவலை யாராலும் திருட முடியாது. 2023ஆம் ஆண்டு தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பொறுப்பைத் தரவைச் சேகரிப்பவர்மீதுதான் வைக்கிறது. "ஏஐ எழுதிக் கொடுத்தது" என்ற பதில் சட்டத்தின் முன்னும் நிற்காது, அந்தச் சாட்சியின் முன்னும் நிற்காது.

அடுத்த முறை குழுவில் "எந்த ஏஐ வாங்கலாம்?" என்ற விவாதம் வந்தால், விலைப்பட்டியலைத் திறக்கும் முன் அட்டவணையின் தலைப்புகளை உரக்கப் படியுங்கள். பெயர், ஊர், தெரு, கைப்பேசி. அந்தத் தெருவில் இருப்பவர் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் எதற்குச் சம்மதிப்பார், எதற்கு மாட்டார் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். முடிந்தால் அவரையே கூட்டத்துக்கு அழையுங்கள்.